பூட்டிய வீடு

தேர்வுகள் முடிந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகக் கல்லூரி வாயில் அடைபடும் நாளில், விடுதி மாணவர் மூட்டை முடிச்சுகளோடு தத்தம் ஊர் நோக்கிப் புறப்படும் காட்சியை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அதே நாட்களில் ஊரிலுள்ள குடும்பங்கள் பலவும் வேற்றூர்களுக்குப் புறப்படுகின்றன. பயணச்சீட்டை எடுத்தாயிற்றா, குடிநீர் எடுத்தாயிற்றா, பிள்ளைக்குக் கம்பளி எடுத்தாயிற்றா என்று பன்முறை வினவிக்கொள்ளும் பெரியோர், தாம் விட்டுச் செல்லும் வீட்டைக் குறித்து ஒருமுறையே எண்ணுகின்றனர். அவ்வெண்ணமும் கதவில் தொங்கும் பூட்டை இருகால் இழுத்துப் பார்க்கும் அளவில் நின்றுவிடுகின்றது. பூட்டை இழுத்துப் பார்த்தல் நன்றே. ஆயினும், வீட்டைக் காப்பது பூட்டே என்று நம்மவர் கொண்டுள்ள துணிபு முற்றும் பொருந்துவதன்று. இதனை யான் நூல்வாயிலாக முதலில் அறிந்தேனல்லேன். எம் வீட்டிலேயே நேர்ந்த ஓர் இழப்பினால் அறிந்தேன்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், யான் எட்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த பொழுது, பண்டிகை கழிந்த மறுநாளாகிய 26ஆம் நாள் பாளையங்கோட்டையிலுள்ள எம் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெங்களூரில் வாழும் அத்தை வீட்டிற்குச் சென்றோம். பாட்டியாரும் உடன் வந்தார். ஆண்டிறுதி ஆராதனைக்கு ஊரில் இருத்தல் வேண்டுமென்று 31ஆம் நாள் காலையில் திரும்பினோம். வாயிற்கதவில் பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால், அது கதவோடு தொங்கவில்லை. நிலையினின்றும் பெயர்த்தெடுக்கப்பட்ட நாதாங்கியோடு தொங்கிற்று. உள்ளே அலமாரி திறந்து கிடந்தது. அதன் சாவி, எல்லார் வீட்டிலும் இருப்பதுபோலவே, மெத்தையின் அடியில் இருந்தமையால் அலமாரியை உடைக்கும் உழைப்பும் கள்வனுக்கு நேரவில்லை. பணமாகப் போனது சிறிதே. வெள்ளிக் கிண்ணங்கள் இரண்டு, அன்னையாரின் சங்கிலி ஒன்று, பாட்டியாரின் பாம்படம் ஒரு சோடி ஆகியவை போயின.

பாம்படம் என்பது தென்பாண்டி நாட்டு மூதாட்டியர் வளர்த்த காதில் அணிந்த அணி. மேலே பொற்றகடு இருக்கும். உள்ளே அரக்கு நிறைந்திருக்கும். எடுத்துச் சென்றவன் அதனை உருக்கியபொழுது, கைக்கு வந்த பொன் அவன் எதிர்பார்த்ததினும் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். பாட்டியாருக்கோ அது தம் தாயார் காதினின்றும் கழற்றித் தமக்குக் கொடுத்த பொருள். அவர் அழவில்லை. "நான் போயிட்டா வீட்டை யாரு பாப்பா?" என்று மட்டும் கூறினார். அதன்பின் ஐந்தாண்டுக் காலம், நெருங்கிய உறவினர் திருமணங்களுக்குங்கூட அவர் ஊரை விட்டுப் புறப்படவில்லை. பொருள் போனதினும் இதுவே எமக்குப் பேரிழப்பாக இருந்தது.

நாங்கள் செய்த பிழை யாது என்பதைப் பின்னர்ப் பலகால் எண்ணிப் பார்த்தேன். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலரிடம் எடுத்துரைக்கின்றான். அச்சொல்லை நம்பிக் கோவலனை வெட்டியது கொடும்பிழையே. ஆயினும், கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் அவனே ஆதலின், தொழிலறிவு பற்றிய அளவில் அவன் கூற்றை நாம் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். அவ்வெட்டனுள் மந்திரமும் தெய்வமும் இக்காலத்துக் கள்வர்க்கு உதவுகின்றனவோ யான் அறியேன். இறுதியில் அவன் எண்ணிய இடம், காலம், கருவி என்னும் மூன்றும் இன்றும் அவர்க்கு இன்றியமையாதன. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவிற் செல்லும் கள்வர் இடையில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு, இருளோடு இருளாகத் தோன்றும் உடை உடுத்துச் செல்கின்றனர். அவர்களை எதிர்நோக்கும் ஊர்காவலரோ களவின் வழிகளையெல்லாம் கற்றுத் தெளிந்தவராய், மழை பொழியும் இருளிலும் தெருக்களிற் சுற்றிவருகின்றனர். அக்காலத்துக் கள்வன் நூலேணியைத் தானே சுமந்து சென்றான். இக்காலத்துக் கள்வனுக்கு அவ்வருத்தமும் இல்லை. கொல்லைப்புறத்தில் நாம் சாத்தி வைத்த ஏணியும், தென்னைக்குக் குழி தோண்டிய கடப்பாறையும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. எம் வீட்டு நாதாங்கியைப் பெயர்த்ததும் எம்முடைய கடப்பாறையே. அது கிணற்றடியிற் கிடந்தது.

ஆகவே, கருவியை நாமே கொடுத்தோம். இடமோ தெருவில் நிற்பது, மறைக்கவியலாதது. எஞ்சியது காலம். வீடு ஆளற்றிருக்கும் காலம் எது, எத்தனை நாள் என்பதை அறிந்தாலன்றிக் கள்வன் துணியான். அதனையும் நாமே அறிவித்தோம் என்பதுதான் வருந்தத்தக்கது.

கிறிஸ்தவர் வாழும் எம் தெருவில் டிசம்பர் மாதத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்குத் தொங்கும். வீடு இருண்டு கிடப்பின் ஆளில்லையென்று தெரியுமே என்று அஞ்சிய என் தந்தையார், எம் வீட்டு விளக்கை எரியவிட்டே புறப்பட்டார். எண்ணம் நல்லது, ஆனால் பயன் எதிராயிற்று. ஏனைய வீடுகளில் விளக்குகள் மாலையில் ஏற்றப்பட்டுக் காலையில் அணைக்கப்பட்டன. எம் வீட்டு விளக்கு மட்டும் நண்பகல் வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. பகலில் எரியும் விளக்கினும் தெளிவாக ஆளின்மையை அறிவிப்பது யாதுளது? அஃதன்றியும், அது மார்கழித் திங்கள். எதிர்வரிசையிலுள்ள இந்துக்களின் வீட்டு வாயில்களில் நாள்தோறும் பெருங்கோலங்கள் பொலிந்தன. எம் வரிசையார் கோலமிடாவிடினும் வாயிலைப் பெருக்கி நீர் தெளிப்பர். எம் வாயிலில் வேப்பிலைச் சருகு குவிந்துகிடந்தது. வாயிற்கதவின் உட்புறம் செய்தித்தாள்கள் நான்கு கிடந்தன. இவற்றை வாசிக்க ஒருவன் எழுத்தறிந்திருக்கவும் வேண்டுவதில்லை.

அதனால் வெளியூர் செல்வோர் முதலிற் செய்யத்தக்கது, தம் வீடு நாள்தோறும் தெருவிற்குக் கூறும் செய்தி யாது என்று தெருவில் நின்று பார்த்தலேயாம். பாலையும் செய்தித்தாளையும் முன்னாளே நிறுத்துதல் வேண்டும். இணையவழி வாங்கிய பொருள்கள் அந்நாட்களில் வந்து சேராதபடி பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். திண்ணையில் இரண்டு நாள் கிடக்கும் ஓர் அட்டைப்பெட்டி போதும். விளக்கை மாலையில் ஏற்றிக் காலையில் அணைக்கும் நேரக்கருவிகள் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வாயிற்கேட்டில் சங்கிலியும் பெரும்பூட்டும் வெளிப்புறமாகத் தொங்கவிடுவதினும், உட்புறமாகப் பூட்டுதல் நலம். பெரிய பூட்டு வெளியே தொங்குமாயின், உள்ளே ஒருவரும் இல்லையென்பதற்கு அதுவே கையொப்பம் ஆகின்றது. மின்னளவிப் பெட்டி, பூந்தொட்டி, பழைய செருப்பு ஆகிய இவற்றுள் சாவியை ஒளிப்பது ஒளிப்பதாகாது. அவ்விடங்களை நமக்குக் கற்பித்தவர் யாரோ, அவரே கள்வர்க்கும் கற்பித்துள்ளார்.

மற்றொன்றை மாணவ நண்பர்களுக்கே கூறவேண்டியுள்ளது. பெங்களூரில் லால்பாக் மலர்த்தோட்டத்தில் நின்று நாங்கள் எடுத்துக்கொண்ட படங்களை, என் தமையனார் அன்றிரவே வாட்சாப்பில் எல்லாரும் காண இட்டார். அதனைக் கண்டவருள் ஒருவர் மூலமாகவே செய்தி பரவிற்று என்று யான் கூறத் துணியேன், அதற்குச் சான்றில்லை. ஆயினும், வீட்டில் எவரும் இல்லை, இன்னும் சில நாள் இரார் என்பதை ஊரெங்கும் பறையறைந்து அறிவிக்க முற்காலத்தில் ஒரு பறையன்றி ஓர் ஆளும் வேண்டும். இன்று ஒரு விரல் போதும். படங்கள் திரும்பி வந்தபின்னும் அழகாகவே இருக்கும்.

இனிப் பூட்டைக் குறித்து ஒரு சிறிது ஆராய்வாம். இப்பொருளில் எனக்குச் சற்று ஆர்வம் மிகுதியாதலின் வாசகர் பொறுத்தருள்க. பழைய பூட்டுகளில் உள்ளிருக்கும் தகட்டைச் சாவியால் உயர்த்திவிட்டாலே தாழ் நகரும். ஆகவே, வளைந்த கம்பி ஒன்றும் அவ்வேலையைச் செய்துவிடும். 1778ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இராபர்ட் பாரன் என்பார் இக்குறையை நீக்கினார். அவர் அமைத்த பூட்டில் ஒவ்வொரு தகடும் குறித்த உயரத்திற்கே எழுதல் வேண்டும்; குறைந்தாலும் தாழ் நகராது, மிகுந்தாலும் நகராது. தகடுகள் பலவாகப் பலவாகக் கம்பியால் திறப்பது அரிதாகும். நம் திண்டுக்கல் பூட்டுகளுள் பெயர்பெற்றவை இம்முறையில் கையாற் செய்யப்படுவனவே. 2019ஆம் ஆண்டில் அவற்றிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1818இல் ஜெரமையா சப் என்பார் பின்னும் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். அயலான் ஒருவன் கம்பியை விட்டுத் தகட்டை அளவுக்கு மேல் உயர்த்துவானாயின், அது மேலேயே சிக்கிக்கொள்ளும். பின்னர் உரியவர் தம் சாவியை இடும்பொழுது பூட்டு உடனே திறவாது. யாரோ கைவைத்தனர் என்பதைப் பூட்டே அவருக்கு அறிவித்துவிடும்.

இங்ஙனம் வெல்லற்கரியனவாகக் கருதப்பட்ட பூட்டுகளை, 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பெருங்கண்காட்சி நடந்தபொழுது, ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் ஒருவர் திறந்து காட்டினார். சப்பின் பூட்டு அரைமணி நேரத்திற்குள் திறந்தது. பிராமா என்பாரின் பூட்டு, திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு பல்லாண்டுகளாகக் கடையின் சாளரத்தில் இருந்தது. அதனையும் அவர் பல நாள் முயன்று, மொத்தம் 51 மணி நேரத்தில் திறந்தார். இந்நிகழ்ச்சியால் ஆங்கிலேயர் பெரிதும் கலங்கினர் என்பர். எனக்கோ இதனால் பூட்டின் இயல்பே விளங்கிற்று. திறக்கவியலாத பூட்டு என்பதொன்று இல்லை. கள்வனின் நேரத்தை வாங்குவதே பூட்டின் தொழில். நல்ல பூட்டு மிகுந்த நேரத்தை வாங்கும்; தீய பூட்டு சிறிது நேரத்தை வாங்கும். அவ்வாறு வாங்கிய நேரத்தில் யாரேனும் ஒருவர் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், வர வேண்டும். ஒருவரும் வாரார் என்பது கள்வனுக்குத் தெரியுமாயின் 51 மணி நேரத்திற்கும் பயனில்லை.

அன்றியும், நம் வீடுகளில் பூட்டோடு போராடுவோர் சிலரே. எம் வீட்டுப் பூட்டு திண்டுக்கல்லிற் செய்தது. இன்றும் செம்மையாக இயங்குகின்றது. அதனைத் தாங்கிய நாதாங்கியோ முக்கால் அங்குலத் திருகாணி நான்கினால் உளுத்த நிலையில் பொருத்தப்பட்டிருந்தது. பூட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பவர், நிலையின் மறுபுறம் வரை ஊடுருவிச் சென்று உட்புறம் மரையால் இறுக்கப்படும் நீண்ட ஆணிகளுக்கு நூறு ரூபாய் கொடுக்க எண்ணுவதில்லை. முன்கதவு தேக்காக இருக்க, பின்கதவு தகரமாக இருப்பதும் நம் வழக்கம். மாடியைத் தொடும் கிளைகளும், மாடிப்படியின் மேற்கதவும் ஒருமுறை பார்க்கத்தக்கன. வெளியே கிடக்கும் ஏணி, கடப்பாறை, மண்வெட்டி ஆகியவற்றை உள்ளே வைத்துப் பூட்டுதல் வேண்டும் என்பதை எம் கிணற்றடியே கூறும்.

அணிகலன்களை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுதல் கூடாது. வங்கிப் பெட்டகத்தில் வைப்பின், தீயாலோ திருட்டாலோ ஊழியர் மோசடியாலோ இழப்பு நேருமாயின், ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2021இல் வகுத்த விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு மேற்பட்ட மதிப்புடையோர் காப்பீடும் செய்துகொள்ளலாம். ஒவ்வோர் அணியையும் படம் பிடித்து, எடையையும் எழுதி வைத்தல் மிகத் தேவையானது. எம் வீட்டிற்கு வந்த காவலர் பாம்படத்தின் எடை என்னவென்று கேட்டபொழுது ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பாட்டியாரின் திருமணப் படம் ஒன்றில், முக்காட்டின் ஓரத்தில் அது அரைகுறையாகத் தெரிந்தது. அதனையே கொடுத்தோம்.

வீட்டிற்கு வரும் கேடு கள்வரால் மட்டும் வருவதன்று. எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடுதல், நீர்க்குழாய்களை அடைத்தல், தேவையற்ற மின்கருவிகளின் செருகிகளைக் கழற்றுதல் ஆகியவற்றைச் செய்தே புறப்படுதல் வேண்டும். இவை எல்லாரும் அறிந்தனவே.

விடுமுறைக் காலங்களில் வெளியூர் செல்வோர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவித்துச் செல்லுமாறு காவற்றுறையினர் கேட்டுக்கொள்கின்றனர். அவ்வாறு தெரிவிப்பின், இரவுச் சுற்றில் வரும் காவலர் அவ்வீட்டையும் நோக்கிச் செல்வர். நம்மவர் பலர் இதனைக் கேட்டும் செய்வதில்லை. காவல் நிலையத்தின் படியேறுதலே இழுக்கு என்று கருதும் பழைய கூச்சம் இன்னும் அகலவில்லை. திருட்டு நேர்ந்தபின் ஏறும் படியில் முன்னரே ஏறுதலில் என்ன குறை? கண்காணிப்புக் கேமராக்களும் இன்று பெருகிவிட்டன. அவை நல்லவையே. ஆனால், காட்சியைப் பதியும் பெட்டியைக் கூடத்து மேசையிலேயே வைத்துவிட்டுச் சென்றால் அதனையும் சேர்த்து எடுத்துச் செல்வர். கைப்பேசிக்கு உடனே படம் வருமாயினும், பெங்களூரில் இருப்பவர் பாளையங்கோட்டைக்கு அரைமணியில் வர இயலாது. அப்பொழுது ஓடிவர வேண்டியவர் பக்கத்து வீட்டாரே.

திரும்பி வரும்பொழுது கதவு உடைந்திருக்கக் காணின் உள்ளே செல்லுதல் கூடாது. நாங்கள் சென்றோம். கள்வன் இன்னும் உள்ளே இருத்தலும் கூடும் என்பதை அப்பொழுது எண்ணினோமல்லேம். அலங்கோலமாகக் கிடந்த சேலைகளைக் கண்டு மனம் பொறாத அன்னையார், காவலர் வருமுன் அவற்றையெல்லாம் மடித்து அடுக்கி, அலமாரிக் கதவையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். விரல்ரேகை கொண்டு குற்றவாளியை அறியும் பணியகம் உலகிலேயே முதன்முதல் 1897ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. அதன் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர் பெரும்பங்கு கொண்டனர். அத்துணைப் பழைய கலை எம் வீட்டில் ஓர் ஈரத்துணியால் பயனற்றுப் போயிற்று. வெளியே நின்று 112 அல்லது 100 என்னும் எண்ணிற்கு அழைத்தலே செய்யத்தக்கது. புகார் கொடுத்தவர்க்கு முதல் தகவல் அறிக்கையின் படி கட்டணமின்றிக் கொடுக்கப்படுதல் வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டிற்கு அது வேண்டப்படும். இரவில் வீடு புகுந்து திருடுவோர்க்கு 14 ஆண்டு வரை சிறை விதித்தலை 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இடங்கொடுத்தது. 2024 ஜூலை முதல் அதற்கு மாற்றாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனையே கூறுகின்றது. எம் வீட்டிற்கு வந்தவர் யாரென்பது இன்றுவரை அறியப்படவில்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மா அன்று எம்மிடம் சற்றுச் சினந்தே பேசினார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டதற்கு எம்மிடம் விடையில்லை. அவர் கோலமிடும்பொழுது எம் விளக்கு பகலிலும் எரிவதைக் கண்டிருக்கின்றார். நாங்கள் உள்ளேதான் இருக்கின்றோம், அணைக்க மறந்துவிட்டோம் என்று எண்ணியிருக்கின்றார். கள்வனை ஏமாற்ற ஏற்றிய விளக்கு, எமக்கு உதவக்கூடியவரையே ஏமாற்றிற்று.

2024 டிசம்பரில் பாட்டியாரை மீண்டும் பெங்களூருக்கு அழைத்துச் சென்றோம். அவர் இணங்கியது எளிதில் அன்று. நாதாங்கி மாற்றப்பட்டதையும், கடப்பாறை உள்ளே வைக்கப்பட்டதையும் தாமே பார்த்தார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததை இருமுறை கேட்டறிந்தார். அவற்றால் எல்லாம் மனம் அமையாதவர், எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பின்னரே காரில் ஏறினார். கோடை விடுமுறையில் பெரியம்மா தம் மகள் வீட்டிற்குத் தூத்துக்குடி செல்லும்பொழுது, அவர் வாயிலைப் பெருக்கி நீர் தெளிப்பதும், கறிவேப்பிலைச் செடிக்கு நீர் ஊற்றுவதும் எங்கள் பொறுப்பு என்பது உடன்படிக்கை. அவர் வீட்டு வாயிலில் என் அன்னையார் புள்ளி வைத்துக் கோலமிடக் கற்றுக்கொண்டதும் அவ்வாறே.

ஆறாம் நாள் காலையில் திரும்பியபொழுது எம் வாயில் பெருக்கப்பட்டு ஈரமாக இருந்தது. நட்சத்திர விளக்கு அணைந்திருந்தது. முன்னரே நிறுத்தச் சொல்லியிருந்தும் இரண்டு நாள் செய்தித்தாள் தவறி வந்துவிட்டதாகக் கூறி, அவற்றைப் பெரியம்மா தம் வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார்.